கருத்துக்கணிப்பு அனுப்பும் மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பைப் பாதியிலேயே மூடிவிட்டுப் போகிறவர்களில் நானும் ஒருவன். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருக்கிறது, உங்கள் படிவத்தில்தான் அதற்கு இடம் இல்லை.

அண்மையில் வந்த ஒரு கேள்வி: “எங்கள் புதிய, எளிமையான தேடல் வசதி வேகமாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறதா?” ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். தேடல் வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்றுச் சேமித்த கோப்பு மூன்றாம் பக்கத்தில் போய்க் கிடக்கிறது. நான் எதை அழுத்துவது? ‘ஆம்’ என்றால் எல்லாம் சரி என்று விட்டுவிடுவீர்கள். ‘இல்லை’ என்றால், ஏற்கெனவே இருக்கிற வேகத்தைக் கூட்ட ஆள் போடுவீர்கள். ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி. போதாததற்கு ‘எளிமையான’ என்று தீர்ப்பையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இதையே, “கடைசியாக ஒரு கோப்பைத் தேடியபோது அது கிடைத்ததா? கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். உங்கள் பொருளைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்பதைவிட, எனக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். “இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்பதும் வீண் கேள்விதான். எல்லோரும் ‘ஆம்’ என்றுதான் சொல்வார்கள்.

ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலை பயன்பாட்டு எளிமையை மூன்றாகப் பிரிக்கிறது: நினைத்த வேலை முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது, பயன்படுத்தியவருக்குத் திருப்தியா. இன்னார், இன்ன வேலைக்கு, இன்ன சூழலில் என்று சொல்லித்தான் இவற்றை அளக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. எனக்கு வந்த படிவங்களில் பெரும்பாலானவை மூன்றாவதை மட்டுமே கேட்கின்றன, அதுவும் ஐந்து நட்சத்திரங்களில். இரண்டு நட்சத்திரத்துக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவரும் எழுதி வைப்பதில்லை.

சொந்தமாகக் கேள்வி எழுத வராவிட்டால், ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (System Usability Scale) என்ற பயன்பாட்டு எளிமை அளவுகோல் இருக்கிறது. பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று சொல்ல 1 முதல் 5 வரை ஐந்து படிகள். ஒரு வாக்கியம் பாராட்டினால் அடுத்தது குறை சொல்லும். படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திக்கொண்டே போகிறவரை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைப்படை வரிகளின் மதிப்பில் ஒன்றைக் கழித்து, இரட்டைப்படை வரிகளின் மதிப்பை ஐந்திலிருந்து கழித்து, எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். அது சதவீதம் அன்று. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 68 அளவில் நிற்கிறது. ஆகவே 70 வாங்கிவிட்டு விழா எடுக்காதீர்கள். இன்னொன்று, காய்ச்சல் இருக்கிறதா என்றுதான் இந்த எண் சொல்லும், எந்த உறுப்பில் நோய் என்று சொல்லாது. அதற்கு நான் மேலே கேட்ட மாதிரிக் கேள்விகளே வேண்டும்.

நேரம் பார்த்துக் கேளுங்கள். மென்பொருளுக்குள் நுழைந்த மறுநொடி கருத்துக்கணிப்புப் பெட்டி எழும்பினால் அதை மூடத்தான் கை போகும். ஒரு வேலை முடிந்த கையோடு, அந்த வேலையைப் பற்றி மட்டும் கேட்டால் போதும். ஒரு வசதியை நான் தொட்டதே இல்லையென்றால் ‘பயன்படுத்தவில்லை’ என்று சொல்ல வழி வையுங்கள். கட்டாயக் கேள்விக்குச் சும்மா நடுப்புள்ளியை அழுத்திவிட்டுப் போகிறோம், நீங்கள் அதைச் சராசரியில் சேர்க்கிறீர்கள்! உங்கள் மென்பொருளை வெறுத்து விலகியவர்களுக்கோ இந்தப் பெட்டி கண்ணிலேயே படாது. மிஞ்சியவர்களின் திருப்தியை எல்லோருடைய திருப்தி என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

எல்லோருக்கும் அனுப்புமுன், உங்கள் குழுவில் இல்லாத நான்கைந்து பேரிடம் படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் தங்கள் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பொருள் சொன்னால் கேள்வியைத் திருத்துங்கள். எந்தப் பதில் வந்தாலும் உங்கள் திட்டம் மாறப்போவதில்லை என்றால், அந்தக் கேள்வியை நீக்கிவிடுங்கள்.

பதில் வந்தபின் என்ன மாற்றினீர்கள் என்பதை அடுத்த பதிப்பின் மாற்றக் குறிப்பில் ஒரு வரியாவது எழுதுங்கள். மறுமுறை பெட்டி எழும்பும்போது மூடாமல் நிரப்ப அது எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவன்