குடை போட்ட மேஜையும் என் சிபில் ஸ்கோரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஊர்ல ஒம்பது மா நெலமும் இருக்கு, ரெண்டுல எதுவும் தனியா சோறு போடாது, ரெண்டும் சேந்தா ஏதோ வண்டி ஓடுது. தெனம் பத்து பேருக்காவது ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குற ஆளு நான். அப்படிப்பட்ட நானே ஏமாந்த கதையத்தான் எழுதுறேன்.

போன வருஷம் புரட்டாசி மாசம் ஒரு வேலையா தஞ்சாவூர் போனப்ப, புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய குடைய விரிச்சு மேஜை போட்டு ஒரு தம்பி நின்னுச்சு. "அண்ணே லைஃப்டைம் ஃப்ரீ கிரெடிட் கார்டு, சும்மா எலிஜிபிலிட்டி மட்டும் பாத்துடலாம், வந்தா வரட்டும் வராட்டி போவட்டும்"னுச்சு. கடைக்கு டோனர், பேப்பர் வாங்க ஒரு கார்டு இருந்தா நல்லதுன்னு எனக்கும் ஆசை. ஆதார், பான் கார்ட டேப்ல போட்டோ புடிச்சுகிச்சு, "ஓடிபி வந்துருக்கும் பாருங்கண்ணே"ன்னுச்சு, சொன்னேன், மறுபடி "இன்னொன்னு வந்துருக்கும்ணே"ன்னுச்சு, அதையும் சொன்னேன், இப்படி நாலு தடவ. 'ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு கடையில மார்க்கர்ல எழுதி ஒட்டி வச்சிருக்கவன் நான்தான், சிரிக்காதீங்க.

அன்னைக்கு சாயங்காலமே உங்க கிரெடிட் ரிப்போர்ட்ட, அதாவது நாம வாங்குன கடன், கட்டுன விவரமெல்லாம் இருக்க பதிவ, இன்ன பேங்க் பாத்திருக்குன்னு வரிசையா மெசேஜ் வந்துச்சு. விளம்பரம்னு தள்ளி விட்டுட்டேன். பத்து நாள்ல அந்த நாலு பேங்க்லயும் கார்டு இல்லன்னுட்டாங்க, சரி நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்னு மறந்தும் போயிட்டேன்.

தை மாசம் சம்பா அறுத்த கையோட, கடைக்கு ஒரு கலர் மெஷின் வாங்கலாம்னு எங்க ஏரியா பேங்க்ல லோன் கேட்டேன். மேனேஜர் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி, "ஒரே நாள்ல நாலு எடத்துல கேட்டிருக்கீங்களே, அப்படி என்ன சார் அவசரம்?"னாரு. பின்னாடி க்யூல நின்னவங்கள்லாம் எங்க ஊர்க்காரங்க. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

அப்புறம்தான் விசாரிச்சேன். நாம அப்ளிகேஷன் போட்டு பேங்க் நம்ம ரிப்போர்ட்ட எடுத்தா அது 'என்கொயரி'ன்னு பதிவாவுது, கார்டு கெடச்சாலும் கெடைக்காட்டியும் அந்தப் பதிவு அங்கயே நிக்கும். ஒண்ணு ரெண்டுன்னா சிபில் ஸ்கோர், அதான் கடன ஒழுங்கா கட்டுறோமான்னு பாத்துப் போடுற மார்க்கு, கொஞ்சம் எறங்கும், அவ்வளவுதான். கொறஞ்ச நாள்ல நாலஞ்சு விழுந்தா, இந்த ஆளு பணத்துக்கு அலையுறான்னு அர்த்தம் பண்ணிக்கிறாங்க. ஊர்லயும் அப்படித்தானே, ஒரே நாள்ல நாலு வீட்ல கைமாத்து கேட்டவன்னு தெரிஞ்சா அஞ்சாவது வீட்டுக்காரரு திண்ணைல ஒக்காரச் சொல்லவே யோசிப்பாரு.

ஸ்கோருங்கறது 300-ல இருந்து 900 வரைக்கும், 750-க்கு மேல இருந்தா பேங்க்ல பேச்சு சுமுகமா இருக்கும். நாமளே நம்ம ஸ்கோர பாத்தா கொறஞ்சுடும்னு எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு நெனச்சுகிட்டு இருக்காங்க, அது தப்பு, நாம பாக்குறது ஸ்கோர்ல சேராது. சிபில்னு வாய்ப்பழக்கமா சொல்றோமே தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு இன்னும் மூணு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட்ட ஃப்ரீயா குடுக்கணும்னு 2017-ல இருந்தே ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு. கார்டுக்கு கை நீட்டறதுக்கு முன்னாடி இத எடுத்துப் பாத்திருந்தா எனக்கு இந்த அசிங்கமே வந்திருக்காது.

ஏன்னா ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா அதுல இன்னொரு கூத்து. எப்பவோ வட்டியும் மொதலுமா கட்டி வளையல வீட்டுக்குக் கொண்டாந்த நகைக்கடன் ஒண்ணு இன்னும் பாக்கின்னே நின்னுச்சு! ரசீத ஸ்கேன் பண்ணி, இது தப்புன்னு ஆன்லைன்ல டிஸ்பியூட் போட்டேன், மூணாவது வாரம் சரி பண்ணிட்டாங்க. முப்பது நாளைக்குள்ள முடிக்காட்டி நாளுக்கு 100 ரூபா நமக்கு நஷ்டஈடு தரணும்னு 2024 ஏப்ரல்ல இருந்து ரூல் இருக்காம். அதனால நகைய மீட்டாச்சுன்னு ரசீத தூக்கிப் போட்டுறாதீங்க.

இப்ப என்கிட்ட கார்டு இருக்கு. கணக்கு வச்சிருக்க பேங்க்லயே 25 ஆயிரம் ஃபிக்சட் டெபாசிட் போட்டு அது மேல வாங்குனது. டெபாசிட் மேலயே குடுக்குறதால, ஸ்கோர் கம்மியா இருக்கவங்களுக்கும் கடனே வாங்காதவங்களுக்கும் இது கெடைக்கறது சுலபம். லிமிட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போவாம பாத்துக்குறேன், பில்ல முழுசா கட்டிடறேன். மினிமம் டியூவ, அதாவது பில்ல கொறஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகைய, மட்டும் கட்டுனா லேட்டுன்னு பதிவாவாது, ஆனா மிச்சத்துக்கு மாசம் மூணரை பர்சென்ட் வரைக்கும் வட்டி போடுற கார்டெல்லாம் இருக்கு, வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 42, நம்ம ஊரு கந்துவட்டிக்காரரே பரவால்ல போலருக்கு.

டெல்டாவுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும். எங்க பக்கத்து வயக்காரப் பெரியவரு, "நம்மகிட்டயும் கிரெடிட் கார்டு இருக்கேப்பா"ன்னு கேசிசி (கிசான் கிரெடிட் கார்டு) பாஸ்புக்க எடுத்து நீட்டுறாரு. அது பயிர்க்கடன், தவணையே அறுவடைய வச்சுதான் போடுறாங்க. பேங்க்ல வாங்குன அதுவும் அதே ரிப்போர்ட்லதான் ஏறும், தவணை தாண்டுனா அங்கயும் அடி விழும். குடைக்காரங்க குடுக்குற கார்டுக்கு குறுவையும் தெரியாது தாளடியும் தெரியாது, மாசாமாசம் பில் வந்து நிக்கும். கொள்முதல் நிலையத்துல மூட்டைய அடுக்கி வச்சு எடை போட ஆள் வராம, மழைக்குத் தார்ப்பாய் போத்திகிட்டு காத்துக் கெடக்குற ஆளு இருபதாம் தேதி டியூ எப்படி கட்டுவாரு? கடை வருமானமோ சம்பளமோ மாசம் தப்பாம வர்றவங்களுக்குதான் கார்டு சரி, மத்தவங்க குடை பக்கம் போவாம இருக்கறதே நல்லது, இது என்னோட அபிப்பிராயம்.

கார்டு இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு காரணத்த எழுத்துல குடுக்கணும்னு 2022-லயே ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு, எனக்கு வந்த நாலு மெசேஜ்லயும் 'பாலிசிப்படி'ங்கற ஒரே வார்த்தைதான். புகார் குடுத்து முப்பது நாள்ல பேங்க் பதில் சொல்லாட்டி ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன், அதான் குறைதீர்ப்பாளர்கிட்டப் போவலாம், 14448-ல கூப்புட்டு விவரம் கேக்கலாம்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்த மாதிரி மேஜை போடுற பேங்குங்க, ஓடிபி கேக்கறதுக்கு முன்னாடி 'உங்க பேர்ல இத்தன பேங்க்ல அப்ளிகேஷன் போடுறோம், ஒவ்வொண்ணும் உங்க ரிப்போர்ட்ல ஏறும்'னு தமிழ்ல பெரிய எழுத்துல ஒரு தட்டி வைக்கணும். மாவட்ட முன்னோடி வங்கி இத கட்டாயமாக்கணும்னு உங்க பேப்பர்ல நாலு வரி எழுதுங்க. போன வாரம் தஞ்சாவூர் போயிருந்தேன், அதே எடத்துல அதே குடை, வேற ஒரு தம்பி.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர், நீடாமங்கலம்