போர்டு உயிரோடுதான் இருக்கிறது

பேராவூரணி

அன்புள்ள கலா,

மஸ்கட்டிலிருந்து நீ கொடுத்தனுப்பிய போர்டு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் உன் மேனேஜர் கூப்பிடுவார், இங்கே குக்கர் விசிலடிக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது சீரியலைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கிறாள். நம்மோடு படித்த பாத்திமாவின் மகளுக்கு ஜனவரியில் நிக்காஹ். உனக்குப் பத்திரிகை வந்திருக்கும். வராமல் இருந்துவிடாதே, உன் பழைய கதையை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவேன் என்று பாத்திமா மிரட்டுகிறாள்.

சரி, போர்டுக்கு வருகிறேன். ராஸ்பெர்ரி பை 5, ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர் என்று நீ சொன்னபோது இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. 2012இல் வந்த முதல் பையில் ஒரே கோர் (கணக்குப் போடும் மூளை), 700 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம். இதில் 2.4 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர்! பாலிடெக்னிக்கில் 8085 பிராசசர் கிட்டை வைத்துக்கொண்டு ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட) எண்களை ஒவ்வொன்றாக அழுத்துவோமே, இரண்டு எண்ணைக் கூட்டவே ஒரு பீரியட் போகுமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கை இதைத் தொட்டபோது எப்படி இருந்தது தெரியுமா?

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓஎஸ் ஏற்றுவதெல்லாம் இப்போது சுலபம். இமேஜர் என்ற மென்பொருளிலேயே பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை எல்லாம் கொடுத்து எஸ்டி கார்டில் எழுதிவிடலாம். பழைய புத்தகங்களில் 'பை' என்ற பயனர் தானாகவே இருக்கும் என்று போட்டிருப்பார்கள். 2022இலேயே அதை எடுத்துவிட்டார்கள். மானிட்டர்கூட இல்லாமல் என் லேப்டாப்பிலிருந்தே உள்ளே நுழைந்துவிட்டேன்.

பாடுபட்டது அதற்கு அப்புறம்தான். என் தங்கை தேன்மொழியின் காளான் குடிலுக்குத்தான் இதை வைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? வெப்பநிலையைக் குறிக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும், படங்களைச் சேமிக்க வீட்டில் கிடந்த ஹார்ட் டிஸ்க். டிஸ்கைச் சொருகினால் டிக் டிக் என்று சத்தம், அப்புறம் காணாமல் போய்விடும். சில நேரம் போர்டே அணைந்து மறுபடி எழும். ஒருவர் கார்டு போலி என்றார். அக்கா மகன் ஓஎஸ் சரியில்லை என்றான். டவுனில் அடாப்டர் விற்ற கடைக்காரர், போர்டே போச்சு, திருப்பி அனுப்புங்கள் என்றார். நமக்கு வேலையில் புத்தி சொன்ன ராசய்யா அண்ணன் என்ன சொல்லியிருப்பார்? "மொதல்ல மீட்டரை வை பாப்பா."

வைத்தேன். போர்டில் இருக்கும் நாற்பது பின்னில், 5 வோல்ட் வரும் 2ஆம் பின்னுக்கும் கிரவுண்டான 6ஆம் பின்னுக்கும் நடுவில். சும்மா இருக்கும்போது 5 வோல்ட். டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் 4.6க்கும் கீழே. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்கு அருகே இறங்கினாலே போர்டு அதைத் தன்னிடம் குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு கட்டளை கொடுத்தால் எண்ணாகச் சொல்லும். பூஜ்யம் வந்தால் நிம்மதி. எனக்கு 50000 என்று முடிகிற ஹெக்ஸ் எண் வந்தது. மின்சாரம் குறைந்திருக்கிறது, அதனால் வேகத்தையும் குறைத்திருக்கிறேன் என்று அர்த்தம். பாவம், போர்டு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்க ஆள் இல்லை. கடை அடாப்டரில் '5 ஆம்பியர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள், கலா! காசு கொடுத்து வாங்குகிறவர் எதை நம்புவது?

அக்கா மகனின் லேப்டாப் சார்ஜர் 65 வாட். அதைப் போட்டால் தாராளமாக ஓடுமே என்றான். நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய். ஆனால் ஓடாது. யூஎஸ்பி-சி சார்ஜரும் போர்டும் முதலில் சந்தையில் பேரம் பேசுவதுபோல் பேசி முடித்துத்தான் கரண்ட் கொடுக்கல் வாங்கல். அந்தச் சார்ஜரிடம் 9 வோல்ட் உண்டு, 15 உண்டு, 20 உண்டு. 5 வோல்ட் கேட்டால் மட்டும் 3 ஆம்பியருக்கு மேல் தராது. பைக்கு 5 வோல்ட்டைத் தவிர எதுவும் ஆகாது. ஆக, 65 வாட் சார்ஜரிலிருந்து அதற்குக் கிடைப்பது 15 வாட்தான். 3 ஆம்பியர்தான் என்று தெரிந்ததும் போர்டு, யூஎஸ்பி பக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருகிற, இதற்கென்றே செய்த, 27 வாட் என்று விற்கிற அடாப்டர் இருக்கிறது. அதைப் போட்டால் 1.6 ஆம்பியர் வரை விடும். கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம் என்பார்கள். கேட்காதே. அடாப்டரில் இல்லாத கரண்ட்டை ஒரு வரி எழுதி வரவழைக்க முடியாது.

27 வாட் அடாப்டரை வரவழைத்து மாட்டினேன். டிஸ்க் சுழன்றது, சத்தம் நின்றது. ராத்திரி நேரம் என்றும் பார்க்காமல் தேன்மொழிக்குப் போன் போட்டேன்.

அடுத்தது வெப்பநிலை அளக்கும் சென்சார். டிஎஸ்18பி20, மூன்று கால், பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும். தண்ணீர் புகாத குழாய்க்குள் வைத்து விற்கிறார்கள். குடிலுக்குள் தொங்கவிட்ட அன்றைக்கு 27, 28 என்று காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று 85 டிகிரி! தேன்மொழி அரண்டுபோய் ஓடிவந்தாள். சிப்பிக்காளானுக்கு 20 முதல் 30 டிகிரிதான் தாங்கும், 85 என்றால் பயப்பட மாட்டாளா? சூடெல்லாம் இல்லை. கரண்ட் விட்டு வந்ததும், முதல் அளவை எடுப்பதற்கு முன்னால் அந்தச் சென்சாரில் இருக்கிற எண்ணே 85தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அது வந்தால், இடையில் சென்சாருக்குச் சப்ளை அறுந்திருக்கிறது. வயர் நீளம், நடுவில் ஒரு ஜாயின்ட் ஈரத்தில் பச்சை பிடித்திருந்தது. வெட்டி, சாலிடர் வைத்து, ஸ்லீவ் போட்டேன். டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம், அது இல்லாமல் சென்சாரே கண்ணில் படாது.

கலா, தேன்மொழி இதை எப்படிப் பார்க்கிறாள் என்று உனக்குச் சொல்ல வேண்டும். போன கோடையில் குழுக்கடன் வாங்கிப் போட்ட படுக்கைகள் அத்தனையும் வெந்து போயின. கீற்றுக் கொட்டகைதானே, சுற்றிலும் ஈரச்சாக்கு தொங்கவிட்டால் போதும் என்றிருந்தாள். நள்ளிரவுக்கு மேலும் உள்ளே சூடு இறங்காமல் நின்றதை யார் பார்த்தார்கள்? இன்றைக்கு அவள் போனில் கோடு போட்ட படம் வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஏறுகிறது, எந்த மூலை முதலில் ஏறுகிறது என்று அவளே சொல்கிறாள். மேற்குப் பக்கக் கீற்றை அவளாகவே இரட்டையாக வேய்ந்துவிட்டாள்.

சூடு ஏறினால் தானாகப் பனிநீர் தூவுகிற ஃபாகர் வைப்பதுதான் பாக்கி. அதற்கு ரிலே வேண்டும், போர்டின் சொல்படி பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கிற சுவிட்ச். இணையத்தில் எடுத்த பழைய புரோகிராம் இதில் ஓடவே இல்லை. காரணம் இருக்கிறது: பை 5இல் ரிலேயை மாட்டுகிற பின்கள் முன்போலப் பிராசசரிலிருந்து நேராக வரவில்லை, ஆர்பி1 என்று தனிச் சிப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பின்களை இயக்குகிற பழைய ஜிபிஐஓ லைப்ரரிக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. ஜிபிஐஓ ஜீரோ என்ற வேறு லைப்ரரியில் எழுதினால் சரியாக வருகிறது. அந்த வரிகளை எழுதி வைத்துவிட்டேன்.

ஆனால் 230 வோல்ட் பக்கத்தை நான் தொடவில்லை. உனக்காக விட்டு வைத்திருக்கிறேன். "இருபது வருஷமா இன்வாய்ஸ் அடிச்சு எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் போச்சு, இனிமே எனக்கு ஒண்ணும் வராது" என்று அன்றைக்கு நீ அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னடீ பேச்சு இது? வேலை போகும்போல இருக்கிறது என்ற கவலையில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் லேப் மிஸ்ஸே கைவிட்ட போர்டில் ட்ரை சாலிடரை, அதாவது சரியாகப் பிடிக்காத ஜாயின்ட்டை, விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்தது யார்? நானா, பாத்திமாவா? அந்தக் கை எங்கேயும் போய்விடவில்லை. ஊருக்கே வந்துவிட வேண்டியிருந்தாலும் வா. இங்கே தேன்மொழியைப் போல இன்னும் நாலைந்து பேர் குடில் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் இப்போதே கேட்கிறார்கள். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். செய்ய வேலை இருக்கிறது.

வரும்போது ஒரு சாமான் மட்டும். இந்த மாடலில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரிதான் தனியாக வாங்க வேண்டும். யூஎஸ்பி-சி துளைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு குட்டிச் சாக்கெட். குடிலில் வைஃபை எட்டாதபோது கரண்ட் போய் வந்தால் தேதி குழம்பி, பதிவெல்லாம் முன்னுக்குப் பின் ஆகிவிடுகிறது. ரீசார்ஜ் ஆகிற வகை, வயரோடு வரும், பார்த்து வாங்கு. சாதாரண பட்டன் செல் வேண்டாம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், திருச்சிக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
வசந்தி