மலைப்பாம்புக் குட்டி இரையெடுக்க வழிகாட்டியவருக்கு நன்றி

லண்டனில் நாங்கள் வளர்க்கும், அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் பந்து மலைப்பாம்பு (ball python) இனக் குட்டி, வந்த நாளிலிருந்து எலிக்குஞ்சு எதையும் தொடாமல் கிடந்தபோது, ஊர்வன விற்கும் கடையொன்றில் எங்கள் கவலையைக் கேட்டுத் தாமாகவே அருகில் வந்து விளக்கிய பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றி. பெயரைக்கூடச் சொல்லாமல் அவர் விடைபெற்றுவிட்டார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் இனம் என்பதால், உடம்பு சுவரில் உரசுமளவு இறுக்கமான, இருண்ட மறைவிடம் இருந்தால்தான் குட்டிக்கு அச்சம் தணியும் என்றார். கூண்டின் சூடான பக்கம் 31 அல்லது 32 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். சில நாட்களுக்குக் குட்டியைக் கையில் எடுக்கவே கூடாது. அவர் மிகவும் அழுத்திச் சொன்னது இரையின் சூட்டைப் பற்றித்தான். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்து இரையை இனங்காணும் பாம்பு இது. ஆகவே, உறைந்த எலிக்குஞ்சை முழுவதும் இளகவைத்து, வெந்நீரில் சூடேற்றித் துடைத்து, தலை மட்டும் சற்றுக் கூடுதலாகச் சுடும்படி செய்து, விளக்கை அணைத்த பின் நீண்ட இடுக்கியால் மறைவிடத்தின் வாயிலில் காட்டச் சொன்னார். வாயைப் பிளந்து ஊட்டும் யோசனையை அவர் உறுதியாகத் தடுத்ததற்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும்.

அவ்வாறே செய்த இரவில், குட்டி நாக்கை நிதானமாக நீட்டிப் பார்த்து, கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து இரையைச் சுற்றிக்கொண்டது. இப்போது ஒழுங்காக இரையெடுக்கிறது, எடையும் ஏறுகிறது. ஐயா, இந்தப் பதிவு எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.