ஒன்பதாவது கேள்விக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

சமூகப்பணி, உளவியல் துறைகளில் மாணவர் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் 2023-இல் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த பழைய மாணவி. வளரிளம் பருவத்தினரின் தன்னடையாளம், குடும்பச் சூழல், மனநலம் என்று தலைப்பு வைத்து ஆய்வேடு எழுதினேன். இதே தலைப்பில், அல்லது இதில் இரண்டு சொல்லை முன்பின் மாற்றிய தலைப்பில், வருடா வருடம் ஆய்வேடுகள் உங்கள் கையெழுத்தோடு பைண்டிங்குக்குப் போகின்றன. பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கும் மனச்சோர்வுக் கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. அதற்கு வரும் பதிலை என்ன செய்கிறோம் என்பதை உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஜனவரி மாதம் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் 120 பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்தேன். ஒரே ஒரு பாடவேளைதான் கிடைத்தது. பெஞ்சுக்கு நாலு பேர். வகுப்பாசிரியர் நடந்துகொண்டே ஒவ்வொரு தாளையும் எட்டிப் பார்க்க, பிள்ளைகள் முழங்கையால் மறைத்து மறைத்து டிக் அடித்தார்கள். தலைமையாசிரியர் கையெழுத்து இருந்ததால் அதுவே அனுமதி என்று நினைத்திருந்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் ஆய்வு செய்தால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இது எனக்குத் தெரிந்தது படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகு.

சமூகவியலாளர் ரோசன்பர்க் 1965-இல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து உருவாக்கிய தன்மதிப்பு அளவுகோலைத்தான் நானும் கொடுத்தேன். தமிழாக்கம் எனக்கு முந்தைய பேட்ச் அக்கா ஒருவர் செய்தது, அதை யாரும் சரிபார்த்ததில்லை. தன்னிடம் நல்ல குணங்கள் இருக்கின்றன என்ற வரிக்கு வந்ததும் முன் பெஞ்சில் ஒரு பெண், "இதை நானே எப்படிக்கா சொல்லிக்கிறது, மத்தவங்கதானே சொல்லணும்?" என்று கேட்டாள். இல்லை என்று டிக் அடித்தாள். கூட்டிப் பார்த்தால் அவளுக்குத் தன்மதிப்பு குறைவு என்றுதான் வரும். அவளிடம் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

குடும்ப வகை என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம். ஒரு பையன் எழுந்து வந்து, "அப்பாவும் அம்மாவும் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காங்கக்கா, நானும் தங்கச்சியும் அம்மாச்சி வீட்டுல, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் எல்லாரும் ஒண்ணா இருப்போம், எதுல டிக் அடிக்க?" என்றான். நேரமாகிவிட்டது என்று "தனிக் குடும்பம்னு போடு" என்றேன். குடும்பத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போன எனக்கு, அவன் ஒரே மூச்சில் சொன்னதைக் குறித்துக்கொள்ளத் தாளில் இடமில்லை.

சரி, இதெல்லாம் கூடத் திருத்திக்கொள்ளக்கூடியவை. நான் எழுத உட்கார்ந்தது பி.ஹெச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள் பற்றி. மனச்சோர்வைப் பார்க்க உங்கள் மாணவர்கள் பலரும் கையில் எடுப்பது இதைத்தான், நான் கொடுத்த தாளிலும் இது இருந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்: 0 என்றால் இல்லவே இல்லை, 3 என்றால் கிட்டத்தட்ட தினமும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது.

ஏப்ரலில் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் ஒன்பதாவது கேள்விக்கு முதலில் 3-இல் டிக் இருந்தது. அழுத்தி அடித்திருந்ததில் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, 0-இல் லேசாக இன்னொரு டிக். என்ன போடுவது என்று வழிகாட்டியைப் போனில் கேட்டேன். "கடைசியா எதுல டிக் இருக்கோ அதைப் போடும்மா" என்றார். பூஜ்யம் போட்டேன். தாளில் பெயர் கிடையாது, எண்ணும் கிடையாது, பெயர் எழுத வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போனேன். பொதுத்தேர்வு முடிந்து அந்தப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் எழுதியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என் சாம்பிள் அளவைப் பற்றிக் கேட்டார்கள், கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனை பற்றிக் கேட்டார்கள். அந்தத் தாளைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அந்தக் கணக்குப்படி 120 பேரில் ஒன்பது பேர். அப்படியானால் ஒன்பது பிள்ளைகளாவது சிரமத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரிந்தே இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தியைத் தனியாக அனுப்புகிறோம். இதை நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும், அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டுவிட்டு மாதக்கணக்கில் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பதுதான் தப்பு.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆய்வுக்குப் போகும் உங்கள் மாணவரைத் தாளில் ஒரு எண் போடச் சொல்லுங்கள், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்கள் மேஜைக்குள் பூட்டி இருக்கட்டும், தேவைப்பட்டால் மட்டும் பார்ப்போம் என்று பிள்ளைகளிடமும் முன்னாலேயே சொல்லிவிடட்டும். பள்ளியை விட்டுக் கிளம்புவதற்கு முன் மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் ஒன்பதாவது கேள்வியை மட்டும் புரட்டிப் பார்க்கட்டும். 0 தவிர எது இருந்தாலும், அடித்துத் திருத்தியிருந்தாலும், அன்றைக்கே உங்களுக்குப் போன் வரட்டும், நீங்கள் எடுங்கள். யாரிடம் அனுப்புவது என்பதைப் போவதற்கு முன்பே பேசி வையுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி 14416 இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுகிறது, சுகாதார உதவி எண் 104-உம் இருக்கிறது. இந்த எண்களைத் தாளின் அடியில் அச்சடித்து, பிள்ளைகள் கிழித்துக் கையோடு கொண்டுபோகிற மாதிரி கொடுக்கலாம். அப்புறம், ஆய்வுக்குப் போய்வந்த அந்த மாணவிக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜூலையில் அடுத்த பேட்ச்சுக்குத் தலைப்பு கொடுப்பீர்கள். அதற்கு முன் ஒரு அரை நாள் கொடுத்தால் நானும் என்னோடு படித்த மூன்று பேரும் வந்து பேசுகிறோம். பள்ளியில் என்ன நடக்கும், பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று எங்களால் சொல்ல முடியும். அந்தத் தாளின் நகலையும் எடுத்துவருகிறேன். சனிக்கிழமையாக இருந்தால் நால்வருக்கும் லீவு போட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி