எம்.எஸ்சி.யில் கடலுக்கு ஒரு தாள் ஒதுக்குங்கள்: பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இயற்பியல், கணிதத் துறைகளுக்குத் தலைமை வகிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். கடலையும் காலநிலையையும் கணினியில் மாதிரியாக்கும் துறையில் வேலை செய்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் மாணவர்களை நேர்முகத் தேர்வுகளில் சந்திக்கிறேன். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் குறைவு. வருகிறவர்களோ பகுதி வகைக்கெழுச் சமன்பாடு எதைக் கொடுத்தாலும் அழகாகத் தீர்க்கிறார்கள். சுழலும் பூமியில் கடல் ஓடுவதும் அதே கணக்குதான் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் கடல், வளிமண்டலப் பாய்ம இயக்கவியலை (நீரும் காற்றும் ஓடும் விதத்தைக் கணக்கிடும் பாடம்) ஒரு விருப்பப் பாடமாக வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

'இது எங்கள் துறை இல்லையே' என்று தோன்றலாம். 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் ஒரு பாதி, பூமியின் காலநிலையை மாதிரியாக்கிய சியுகுரோ மனாபேவுக்கும் கிளாஸ் ஹாசல்மனுக்கும் போனது. மனாபே 1969இலேயே கிர்க் பிரையனோடு சேர்ந்து கடலையும் வளிமண்டலத்தையும் ஒரே மாதிரியில் இணைத்தவர். இது முழுக்க உங்கள் துறைதான்.

நம் வாசலில் கிடக்கும் கடலையே எடுத்துக்கொள்வோம். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, ஐராவதி என்று வங்கக் கடலில் கொட்டும் நன்னீர் ஏராளம். உப்புக் குறைந்த அந்த நீர் கனம் குறைவாக இருப்பதால் மெல்லிய அடுக்காக மேலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு காற்றடித்தாலும் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் அதைத் தாண்டி எளிதில் மேலே வருவதில்லை. அதனால் புயல் கடக்கும்போதும் மேற்பரப்பு அதிகம் குளிராமல், புயலுக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கணினி மாதிரி கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். நீர் கலப்பதோ சென்டிமீட்டர் அளவில். அந்தக் கலப்பைச் சமன்பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? இன்னும் முழுதாகத் தீராத கேள்வி இது. பல முனைவர் பட்டங்களுக்கு இதில் இடமிருக்கிறது. சோழமண்டலக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே போகிறது, அக்டோபருக்குப் பிறகு தெற்கே திரும்புகிறது. அதுவும் ஆய்வுக்குரிய பெரிய விஷயம். அப்புறம் 2017 ஒக்கி புயல். ஏறத்தாழ ஒரே நாளில் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் அப்போது ஆழ்கடலில் இருந்தார்கள். இந்தக் கணக்குகளைப் போட அந்த ஊர்ப் பிள்ளைகள் வரவேண்டும் என்பது என் ஆசை.

இடங்களுக்குக் குறைவில்லை. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், ஹைதராபாத்தின் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்), கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., டெல்லி, புவனேஸ்வர் ஐ.ஐ.டி.கள் என்று பல வாசல்கள் உண்டு. பல நாடுகளின் காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் சிஎம்ஐபி-6 திட்டத்தில் இந்தியாவிலிருந்து முதன்முதலாகப் பங்கெடுத்தது புனேயில் உருவான மாதிரி. சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்கென்றே தனித் தாள் உண்டு. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஹாம்பர்க்கில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் புவி மாதிரியாக்க ஆய்வுப் பள்ளி இருக்கிறது. இதையெல்லாம் மாணவர் கடைசி செமஸ்டரில் தற்செயலாகக் கேள்விப்பட்டால், தயாராக நேரம் இருக்காது.

செலவு? பெரிதாக ஒன்றுமில்லை. எம்ஐடிஜிசிஎம், ரோம்ஸ், நெமோ ஆகிய கடல் மாதிரி மென்பொருள்கள் இலவசம். 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழும் ஆர்கோ அளவீட்டு மிதவைகளின் தரவுகளும் இலவசம். கடலின் மேற்குக் கரையோரம் நீரோட்டம் ஏன் வலுக்கிறது என்று கடலியலாளர் ஸ்டாமல் 1948இல் காட்டிய கணக்கை முதலில் கையால் போடட்டும், பிறகு அதையே மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கட்டும். பூமி சுழல்வதால் தோன்றும் கோரியோலிஸ் விசையிலிருந்து அங்கே போக ஒரு செமஸ்டர் போதும். ஃபோர்ட்ரான், பைத்தான் நிரல்மொழிகளும் கூடவே வந்துவிடும்.

பாடம் எடுக்க ஆள் இல்லை என்பது உண்மையான சிக்கல்தான். ஆனால் பாய்ம இயக்கவியலோ எண்சார் பகுப்பாய்வோ நடத்தும் ஆசிரியர் ஒருவர் இருந்தாலே தொடங்கிவிடலாம். பாடத்திட்ட வரைவை நான் எழுதித் தருகிறேன். முதல் ஆண்டு சனிக்கிழமைகளில் இணையவழியில் வகுப்பெடுக்கவும், செய்முறைக் கணக்குகளைத் தமிழில் விளக்கித் தரவும் தயாராக இருக்கிறேன். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசுங்கள்.

அன்புடன்,
ஒரு கடல் மாதிரி ஆய்வாளர்