மொட்டையாக நிற்பது பட்டுப்போனது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பாலைவனத் தோட்டம் பற்றி வந்த கட்டுரையில் ஒகோட்டியோ என்ற முட்புதரைக் கள்ளி வகை என்றும், காய்ந்து நின்றால் பிடுங்கிவிடலாம் என்றும் எழுதியிருந்தது. அது கள்ளியே அல்ல. அதையாவது விட்டுவிடலாம், இரண்டாவதைப் படித்துவிட்டு யாராவது உயிருள்ள செடியைப் பிடுங்கிவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசானில் இருக்கிறேன். குடிவந்த வருஷம் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற முள்குச்சிகள் ஒரே தூரிலிருந்து விரிந்து நின்றன. பட்டுப்போய்விட்டது என்று நினைத்து எடுக்கச் சொன்னேன். தோட்ட வேலைக்கு வந்த பெரியவர் மண்வெட்டியைத் தொடவே இல்லை. முட்களுக்கு நடுவே நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. அப்புறம் ஒரு குச்சியை வளைத்தார், ஒடியவில்லை. ஜூலையில் ஒரு நல்ல மழை பெய்தது. மூன்றாம் நாள் ஒவ்வொரு முள்ளின் அடியிலும் இலைக்கொத்து!

ஈரம் போனால் இலையை உதிர்க்கும், மழை வந்தால் மறுபடி தளிர்க்கும். ஒரே வருஷத்தில் பலமுறை இப்படி நடக்கும். இலை இல்லாத நாளிலும் பட்டையில் ஓடும் பச்சைக் கோடுகள் கொஞ்சம் உணவு தயாரிக்கும். அந்த முள்கூட முதலில் வந்த இலையின் காம்பு இறுகி உண்டானதுதான். வசந்தத்தில் குச்சி நுனிகளில் செக்கச்செவேலென்று பூக்கும், ரீங்காரச்சிட்டுகள் தேடி வரும். ஸ்பானிய மொழியில் அதன் பெயருக்கே சின்னத் தீப்பந்தம் என்று பொருள்.

பயன்களைக் கட்டுரை தொடவே இல்லை. வெட்டிய குச்சியை நெருக்கமாக நட்டுத் தண்ணீர் விட்டால் வேர்பிடித்துத் துளிர்க்கும். நம் ஊரில் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போடுவோமே, அதே மாதிரி. அமெரிக்கப் பழங்குடிகளில் டோஹோனோ ஓதாம் மக்கள் வீட்டுச் சுவருக்கும் இந்தக் குச்சியைப் பயன்படுத்தினார்கள். கவீயா மக்கள் பூவை ஊறவைத்துக் குடித்தார்கள். அப்பாச்சி மக்கள் வேர்ப்பொடியை வீக்கத்துக்குப் போட்டார்கள்.

அரிசோனாவில் இது சட்டப் பாதுகாப்பு உள்ள செடி. நிலத்துக்காரர் சம்மதமும் அரசு அனுமதியும் இல்லாமல் தோண்டி எடுக்க முடியாது. வாங்கி நட்டாலும் வேர்பிடிக்கச் சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இங்கே வாசலுக்கு வாசல் ஒகோட்டியோ இப்போது மொட்டையாகத்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டூசான்