வெள்ளி அதிகாலை ஜெபம்: குழுவினருக்கு அறிவிப்பு

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வருகிற வெள்ளிக்கிழமை அதிகாலை 5 மணி ஜெபவேளையில் 1 யோவான் 5:14-ஐத் தியானிக்கிறோம். தேவனுடைய சித்தத்தின்படி கேட்டால் அவர் செவிகொடுக்கிறார் என்பதையே யோவான் ‘தைரியம்’ என்கிறார். மூல கிரேக்கச் சொல்லுக்கு ஒளிவுமறைவின்றிப் பேசும் உரிமை என்ற பொருளும் உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் தம் மாம்சத்திலிருந்த முள், அதாவது தம்மை விடாமல் வருத்திய ஒரு பாடு, நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டபோது முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற கர்த்தருடைய வார்த்தையே வந்தது. அதையும் பதிலாக ஏற்றுக்கொள்ள நமக்குத்தான் நாளாகிறது.

என் தாயாரின் ஜெபக் குறிப்பேட்டில், நிறைவேறிய விண்ணப்பங்களுக்கு எதிரே சிவப்பு மையில் தேதி எழுதப்பட்டிருக்கும். என் தம்பியின் வேலைக்காக எழுதிய வரிக்கு எதிரே ஒன்பது ஆண்டுகள் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாளின் ஓரம் அன்றாடம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. விசுவாச நிச்சயம் என்றால் என்னவென்று அந்தக் கறையைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ‘என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கண்ணீரோடு கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவன் மகனைக் குணமாக்கினார் (மாற்கு 9).

ஆகையால், மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவர்களும், ஜெபிக்கவே மனம் வராமல் சோர்ந்திருப்பவர்களும் தங்கள் விண்ணப்பத்தை வியாழன் இரவு 8 மணிக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். குழுவில் எழுதத் தயங்குவோர் எனக்குத் தனியே அனுப்பலாம். பிறருடைய நோய் விவரங்களை அவர்களின் சம்மதமின்றி இங்கே பதிவிட வேண்டாம்.